உல்லாசப் பயணிகள் திரும்பி வந்துவிட்டார்கள். காணி உறுதி யாரிடம் இருக்கிறது?

தெமோதரைப் பாலம் (இழையைத் தொடங்கியவர்) · திங்கள், இரவு 8.40

போர் ஓய்ந்த நாடுகளில் சுற்றுலாத் துறையை வளர்ப்பது பற்றி இங்கே பேசும்போதெல்லாம் பேச்சு வருகை எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது. எண்ணிக்கை முக்கியந்தான். 1982இல் இலங்கைக்கு 4 இலட்சத்து 7 ஆயிரம் உல்லாசப் பயணிகள் வந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களுக்குப் பின் அந்த எண் சரியத் தொடங்கி, 1987இல் 1 இலட்சத்து 82 ஆயிரத்துக்கு இறங்கியது. இடையில் ஏறியும் இறங்கியும், போர் முடிந்த 2009இல் 4 இலட்சத்து 47 ஆயிரத்தில் நின்றது. இருபத்தேழு ஆண்டுகள் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறோம். அதன்பின் ஒன்பதே ஆண்டுகளில், 2018இல், 23 இலட்சத்தைத் தாண்டிவிட்டோம்.

இந்த ஐந்து மடங்கு ஏற்றத்தின் பணம் எந்த வழியாகப் போனது என்று கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். சண்டை நடக்கும் நாட்டில் அழகான இடத்துக் காணி அதன் அழகுக்கு உரிய விலைக்குப் போவதில்லை. பாதியைப் பயம் தின்றுவிடுகிறது. சண்டை நின்றதும், பயத்துக்காகக் கழித்து வைத்திருந்த தொகை ஒரே எட்டில் காணி விலையில் ஏறிவிடுகிறது. அறை வாடகை, சம்பளம், கையில் வைக்கும் சந்தோஷம் எல்லாம் அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக வருபவை. அந்த முதல் எட்டு ஒரே ஒரு முறைதான் நிகழும். சண்டை ஓய்ந்த நாளில் எவர் பெயரில் காணி உறுதிப் பத்திரம் இருந்ததோ அவரைத்தான் அது சேரும்.

மலையகத்தில் அந்த நாளில், இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்த நம்மவர் பெயரில் என்ன இருந்தது? 1948இல் குடியுரிமை போனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம்மை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாக ஆள்கணக்கில் பங்கு போட்டது. எஞ்சியவர்களின் குடியுரிமைக் கணக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம்; அதை 2045 வரை குத்தகைக்கு வைத்திருப்பவை கம்பனிகள்; லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) நான்கு தலைமுறையாகக் குடியிருப்பவருக்கு அந்தச் சுவரில் ஆணி அடிக்கக்கூடத் துரையின் (தோட்ட முகாமையாளரின்) அனுமதி வேண்டும். எல்ல, தெமோதரை என்ற மலை ஊர்களில் காணி விலை ஏறியபோது, எங்கள் லயத்து வாசலிலிருந்து தெரிகிற அதே மலையை எதிர்க்கரையில் உறுதி வைத்திருந்தவர்கள் அறை கட்டி விற்றார்கள். நாங்கள் அந்தக் காட்சிக்குள் நின்றுகொண்டிருந்தோம்.

என் சொந்தக் கணக்கையும் வைக்கிறேன். டவுனில் ஒரு கடையின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து இரண்டு அறை நடத்துகிறேன். ஓர் இரவுக்கு 9,000 ரூபாய். இணையத்தில் பதிவு செய்து தரும் தளத்துக்கு 15 வீதம், அதாவது 1,350 ரூபாய். 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளமும் அதே 1,350 ரூபாய்தான். கணக்குப் புத்தகத்தில் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிய அன்று சிறிது நேரம் பேனாவை வைத்துவிட்டேன். அம்மா மலையில் ஒரு பேர் (ஒரு நாள் வேலைப் பதிவு) போட்டு முழு நாள் நின்று வாங்கியதை, நான் பார்த்தேயிராத ஒரு நிறுவனம் என் ஓர் அறையின் ஓர் இரவிலிருந்து எடுத்துக்கொண்டது. அந்தத் தளம் இல்லாவிட்டால் எனக்கு அந்த இரவே இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

பேரேடு · திங்கள், இரவு 10.15

தம்பி, நான் அட்டனில் பிறந்து கொழும்பில் ஹோட்டல் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். உங்கள் ஆதங்கம் விளங்குகிறது. ஆனால் கணக்கில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டீர்கள். விலை ஏறிய நாளில் உறுதி வைத்திருந்தவரைச் சொன்னீர்கள். விலை இறங்கியிருந்த இருபத்தாறு ஆண்டுகளும் அதே உறுதியை வைத்துக்கொண்டு வங்கி வட்டி கட்டியவரும் அவர்தான்.

போர்க்காலத்தில் ஹோட்டல்காரர்கள் எப்படி உயிர் தப்பினார்கள் என்பது இளையவர்கள் பலருக்குத் தெரியாது. தனியாக வரும் பயணி நின்றுவிட்டார். ஐரோப்பிய முகவர்கள் அறைகளை மொத்தமாக அள்ளி, விமானச் சீட்டு, அறை, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே விலையில் கட்டி விற்றார்கள். விலையைத் தீர்மானித்தவர் அந்த முகவர். வெறும் அறையைவிட மலிவான அறை மேல் என்று தலையாட்டியவர் இங்கிருந்தவர். இதில் ஒரு நச்சு வட்டம் இருக்கிறது. மலிவு விலைக்கு விற்றால் பராமரிப்புக்குப் பணம் மிஞ்சாது, பராமரிக்காத ஹோட்டலை மலிவாகத்தான் விற்க முடியும், சமாதானம் வந்த பிறகும் "அது மலிவான நாடு" என்ற பெயர் பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது, பயம் எந்த வழியாக நம் வாசலுக்கு வருகிறது என்பது. பெரும்பாலும் குண்டு வெடித்த செய்தியைவிட, வெளிநாட்டு அமைச்சொன்று வெளியிடும் பயண எச்சரிக்கைதான் நம்மை அடிக்கிறது. "அத்தியாவசியமற்ற பயணத்தைத் தவிர்க்கவும்" என்று ஒரு வரி வந்தால் பயணக் காப்புறுதி பலருக்குச் செல்லாமல் போகும். காப்புறுதி இல்லாமல் முகவர் ஆளை அனுப்பமாட்டார். அந்த வரி நீங்கும் வரை கடற்கரை எவ்வளவு அமைதியாக இருந்தாலும் பயனில்லை. ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்கள் நடந்த 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த மே மாதத்தில் வருகை சுமார் 38 ஆயிரம். முந்திய ஆண்டு அதே மாதத்தில் 1 இலட்சத்து 29 ஆயிரம். எச்சரிக்கைகளை நாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்த்தியதும், அந்த டிசம்பரில் 2 இலட்சத்து 41 ஆயிரம் பேர் வந்தார்கள். முந்திய டிசம்பருக்கு அது கிட்டத்தட்டச் சமம். ஒரு நாள் தாக்குதலை உலகம் எட்டு மாதத்தில் மறந்துவிடுகிறது. மாதத்துக்கு ஒரு செய்தி வந்துகொண்டே இருக்கும் நீண்ட போரைத்தான் மறப்பதில்லை.

ஆகவே முதல் போடுகிறவர் கூடுதல் இலாபம் கேட்பதில் அநியாயம் இல்லை. அதற்காக அரசு தூக்கிக் கொடுத்த வரிவிலக்கு எல்லாம் நியாயம் என்று சொல்லவும் மாட்டேன். 2008ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி "தந்திரோபாய அபிவிருத்தி" என்று பெயர் சூட்டினால் 25 ஆண்டுகள் வரை வரிவிலக்குக் கொடுக்க இடமிருந்தது. பயம் இரண்டு மூன்று ஆண்டில் நீங்கிவிடுகிறது, சலுகை ஒரு தலைமுறைக்கு ஓடுகிறது. அங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

தெமோதரைப் பாலம் · செவ்வாய், காலை 6.05

பேரேடு அண்ணன் சொன்ன வட்டிக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். நட்டத்தைச் சுமந்தவர் இலாபத்துக்கும் உரியவர் என்பது சரியானால், நேபாளத்தையும் பாருங்கள். அங்கே 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர். 1999இல் 4 இலட்சத்து 91 ஆயிரமாக இருந்த வருகை 2002இல் 2 இலட்சத்து 75 ஆயிரமாக இறங்கியது. மலையேற வந்தவர்களை மாவோயிஸ்டுகள் வழியில் மறித்துப் பணம் வாங்கினார்கள். வாங்கிய பணத்துக்கு ரசீதும் கொடுத்தார்கள், அடுத்த மறியலில் அதைக் காட்டினால் போதும். (நம் நாட்டு அலுவலகங்கள் சிலவற்றில் அந்த ஒழுங்குகூட இல்லை என்பது வேறு கதை.)

அன்னபூர்ணாப் பாதையிலும் கும்புப் பள்ளத்தாக்கிலும் உள்ள தேநீர் விடுதிகள் பெரும்பாலும் அந்தந்தக் கிராமத்துத் தகாலி, குருங், ஷெர்ப்பா இனக் குடும்பங்களுக்கே சொந்தமானவை. வீட்டுக்கு மேலே இரண்டு அறை, அடுப்படியில் ஒரு நீண்ட பெஞ்சு, அவ்வளவுதான். போர் ஆண்டுகளில் பட்டினி கிடந்தவர்களும் அவர்களே, 2006க்குப் பின் கூட்டம் திரும்பியபோது அறை கூட்டிக் கட்டியவர்களும் அவர்களே. நட்டமும் இலாபமும் ஒரே வீட்டில் நடந்தன, ஏனென்றால் வீடு அவர்களுடையது. 1983இலும் 2000ஆம் ஆண்டிலும் அடி வாங்கிய நம் லயத்து மனிதருக்கு நட்டக் கணக்கில் பெயர் இருந்தது. இலாபக் கணக்கில் இல்லை.

மூன்றாம் நம்பர் மலை · செவ்வாய், மாலை 4.30

நான் பண்டாரவளைப் பக்கம் படிப்பிக்கிறேன். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். ஒரு காட்சியை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். பாதையோரத்து நிரையில் வேன் ஒன்று நின்றது. இறங்கிய தம்பதி மரியாதையானவர்கள். கையைக் கூப்பி, படம் எடுக்கலாமா என்று சைகையில் கேட்டார்கள். அம்மா தலையில் இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். பிறகு அந்தப் பெண் கூடையைத் தன் தலையில் மாட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். கூடையைக் கொட்டிக் கொடுக்க வேண்டும், கயிற்றைச் சுருக்க வேண்டும், திரும்ப அள்ள வேண்டும். எல்லாமாகச் சேர்த்துப் பதினைந்து இருபது நிமிடம் போயிருக்கும். போகும்போது இருநூறு ரூபாய் கொடுத்தார்கள், அம்மா முந்தியில் முடிந்துகொண்டார். அன்று பின்னேரம் தராசில் நிறுத்தபோது தோட்டம் கேட்கும் கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ குறைவு. அரைப் பேர் போட்டுவிட்டார்கள். இருநூறு ரூபாய்ச் சந்தோஷத்துக்கு அரை நாள் சம்பளம் போனது. அந்தத் தம்பதிக்கு இது தெரிந்திருந்தால் வேனை விட்டே இறங்கியிருக்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பொருளியல் படித்தவர்கள் இதற்கு ஏதாவது பெயர் வைத்திருப்பீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: படத்தின் விலையில் ஒரு பகுதியை அம்மா தன் நாட்சம்பளத்திலிருந்து கட்டுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "மோதலால் பாதிக்கப்பட்ட பிரதேசம்" என்று யாரை எண்ணுகிறோம்? போருக்குப் பின் வந்த புனரமைப்புத் திட்டங்கள் வடக்கையும் கிழக்கையும் நோக்கியே வகுக்கப்பட்டன. அது தேவையானது, அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் 1977, 1981, 1983 என்று மலையகத்தில் எரிக்கப்பட்ட லயங்களிலிருந்து வடக்கே வன்னிக்கு ஓடியவர்கள் எத்தனை பேர்? 2000 ஒக்டோபர் 25 அன்று பிந்துனுவெவ முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டது பண்டாரவளைக்குப் பக்கத்தில்தான். உல்லாசப் பயணிகளின் வரைபடத்தில் அதே பகுதி "அமைதியான தேயிலை நாடு". பாதிக்கப்பட்ட பிரதேசம் என்ற பட்டியலில் ஒரு மாவட்டம் இல்லாவிட்டால், அந்தப் பட்டியலுக்கு வரும் சிறுகடனும் பயிற்சியும் வீட்டுத் திட்டமும் அங்கே வராது. விளம்பரத்துக்காக அமைதி என்று எழுதிய சொல்லே பிறகு உதவிக்கு விண்ணப்பிக்கும்போது நமக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

பனங்காய்ப் பணியாரம் · செவ்வாய், இரவு 9.20

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு திருத்தம், ஒரு அனுபவம்.

பட்டியலில் இருந்ததால் எங்களுக்கு எல்லாம் கிடைத்தது என்று தங்கச்சி நினைக்க வேண்டாம். வீதியும் ரயில் பாதையும் வந்தன. 2014இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடியபோது நிலையத்தில் அழுதவர்களில் நானும் ஒருவன். ஆனால் கடலைப் பார்த்த நல்ல காணிகள் பல உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தன, அவற்றுள் சில இடங்களில் இராணுவமே விடுதி நடத்தியது. இராணுவத்துக்குக் காணி வாடகை இல்லை, ஊழியர் சம்பளம் பாதுகாப்புச் செலவில் போகிறது. அதனோடு விலையில் போட்டிபோட, வங்கியில் கடன் எடுத்து நான்கு அறை கட்டிய ஒருவரால் எப்படி முடியும்? தெமோதரைத் தம்பியின் வாதத்தை நான் இப்படித் திருத்துவேன்: எங்களிடம் காகிதம் இருந்தது, காணிக்குள் போகத்தான் முடியவில்லை. உங்களுக்குக் காணிக்குள் இருக்க முடிகிறது, காகிதம் இல்லை.

மட்டுறுத்துநர் · செவ்வாய், இரவு 9.50

நுவரெலியா மாவட்டத்து விடுதியொன்றின் பெயரையும் அதன் முகாமையாளரின் பெயரையும் குறிப்பிட்ட பதிவு நீக்கப்பட்டது. முறைப்பாடு எழுதலாம்; பெயர் வேண்டாம்.

பேரேடு · புதன், காலை 7.10

தங்கச்சியின் அரைப் பேர்க் கணக்கை வாசித்துவிட்டு நேற்றிரவு பதில் எழுத மனம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

காகிதம் இல்லாதவர்களுக்கும் பங்கு போகும் வழியொன்றை ருவாண்டா செய்து காட்டியிருக்கிறது. 1994இல் இனப்படுகொலை நடந்த நாடு. எரிமலைப் பூங்காவில் கொரில்லாக்களைப் பார்க்க ஒருவருக்கு 750 டொலராக இருந்த கட்டணத்தை 2017இல் ஒரே அடியாக 1,500 டொலராக்கினார்கள். ஒரு கூட்டத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்கு மட்டுமே அனுமதி, அதுவும் ஒரு மணித்தியாலம். பூங்காக்களின் வருமானத்தில் 2005 முதல் 5 வீதமும் 2017 முதல் 10 வீதமும் அயல் கிராமங்களுக்குப் போகின்றன. அந்தப் பணம் பள்ளிக்கூடமாக, தண்ணீர்த் தொட்டியாக, பாதையாக வருவதால் தனியாள் உறுதி வைத்திருக்க வேண்டிய தேவை இல்லை. அந்தக் கிராமத்தில் வசித்தால் போதும்.

இதைக் கம்போடியாவோடு வைத்துப் பாருங்கள். அங்கோர் கோயில்களின் ஒரு நாள் சீட்டு 2017இல் 20 டொலரிலிருந்து 37 டொலரானது. சீட்டு விற்கும் உரிமை 1999 முதல் 2015 முடியும் வரை ஒரு தனியார் கம்பனியிடம் இருந்து, 2016இல்தான் அரசு நிறுவனத்துக்கு மாறியது. உலகம் முழுவதும் வந்து பார்க்கும் அந்தக் கோயில்கள் இருக்கும் சியெம் ரீப், நீண்ட காலம் அந்நாட்டின் வறிய மாகாணங்களில் ஒன்றாகவே எண்ணப்பட்டது. கட்டணம் இரண்டு நாட்டிலும் இருக்கிறது. ருவாண்டாவில் கிராமத்தின் பங்கு விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

நம்மிடமும் கட்டணம் இல்லாமல் இல்லை. பதிவு செய்த ஹோட்டல்கள் மொத்த வரவில் 1 வீதம் சுற்றுலா அபிவிருத்தி வரி கட்டுகின்றன. அது மத்திய நிதிக்குப் போகிறது. அதில் ஒரு பங்கு, அறைகள் எந்தப் பிரதேச சபை எல்லைக்குள் இருக்கின்றனவோ அங்கே திரும்ப வர வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வாசகம் சேர்த்தால், உறுதி இல்லாத லயத்துக்கும் ஒரு குழாய் வரும்.

தெமோதரைப் பாலம் · புதன், பகல் 12.45

ருவாண்டா உதாரணத்தை மறுக்க எனக்கு மனமில்லை. என் வாதத்தில் ஓர் ஓட்டையை அண்ணன் காட்டிவிட்டார். உறுதிக்கு வெளியேயும் ஒரு வழி இருக்கிறது. இருந்தாலும் ஒரு வித்தியாசம். கொரில்லாவுக்கு வாசல் ஒன்றுதான். அங்கே ஆளை நிறுத்திப் பணம் வாங்கலாம். ஹோட்டன் சமவெளிக்கும் வாசல் உண்டு. மலைக்காட்சிக்கு யார் கேட் போடுவது? நானுஓயாவிலிருந்து எல்ல வரை ரயில் கதவில் தொங்கிக்கொண்டு வருகிறவர் பார்க்கும் பச்சை நிறத்தை, கவ்வாத்து வெட்டியும் புல் வெட்டியும் வடிகான் வெட்டியும் வைத்திருப்பது தோட்டத் தொழிலாளிதான். ஆயினும் அந்தப் பச்சை எந்தப் பற்றுச்சீட்டிலும் இல்லை. தேயிலை ஏற்றுமதியில் 2024இல் நாடு பெற்றது சுமார் 1.4 பில்லியன் டொலர். சுற்றுலாவில் பெற்றது 3.1 பில்லியனுக்கு மேல். இரண்டாவது தொகைக்குள் முதலாவது தொழிலின் காட்சி எவ்வளவு இருக்கிறது என்று ஒருவரும் பிரித்து எழுதுவதில்லை.

ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை · புதன், இரவு 7.00

முப்பத்தாறு வருடம் தோட்ட ஒப்பீசில் இருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். பிள்ளைகள் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. சில இடங்களில் சூடு அதிகம்.

1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் ஒப்படைத்தபோது எவர் மனதிலும் சுற்றுலா இருக்கவில்லை. குத்தகைப் பத்திரம் தேயிலையையும் இறப்பரையும் நினைத்து எழுதப்பட்டது. பிறகு தேயிலையில் இலாபம் மெலிந்தபோது, வெறுமனே கிடந்த துரை பங்களாக்களில் பணம் இருக்கிறதென்று கண்டார்கள். கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று 1990களிலேயே ஹோட்டலானது, போர் நடந்துகொண்டிருந்தபோதே. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றிய பங்களாக்கள் 2005இல் விருந்தினருக்குத் திறக்கப்பட்டன. வேலை கிடைத்த நம் பிள்ளைகள் உண்டு, ஆங்கிலம் கற்றுக்கொண்டார்கள், சிலர் மத்திய கிழக்கு ஹோட்டல்களுக்கும் போய்விட்டார்கள். இதைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்க்கக் கூடாது.

பங்களாவின் ஓர் இரவு வாடகை பங்களாவுக்கு மட்டும் உரியதா என்ற கேள்வியும் கேட்கப்பட வேண்டியதே. விருந்தினர் காலையில் யன்னலைத் திறந்து பார்ப்பது நிரை பிடித்து நிற்கும் பெண்களை. குத்தகைப் பத்திரத்தைத் திருத்தும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும், தோட்டக் காணியில் தங்குமிட வருமானம் வந்தால் அதில் ஒரு வீதம் அந்தத் தோட்டத்தின் வீடமைப்புக்கு என்று எழுதலாம். பேரேடு தம்பி சொன்ன சட்டத் திருத்தத்தைவிட இது இலகு; பாராளுமன்றம் தேவையில்லை. காணி அரசுடையது, குத்தகை கொடுப்பவர் நிபந்தனை விதிக்கலாம்.

அடுத்து, உறுதி கிடைத்ததும் மாடி கட்டத் துடிக்கும் பிள்ளைகளுக்கு. 7 பேர்ச் (ஏறத்தாழ 1,900 சதுர அடி) காணியில் அறை கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையை எடுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் போய்ப் பார்த்தவன் நான். பழைய துரைமார் பங்களாவைப் பாறை முதுகில் கட்டினார்கள், லயத்தைத் தேயிலை நட முடியாத சரிவிலும் பள்ளத்திலும் கட்டினார்கள். அந்தக் காலத்துக் காணிப் பங்கீடு இன்றைக்கும் யாருக்கு வங்கி கடன் கொடுக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது, ஏனென்றால் அபாய வலயத்துக் காணியைப் பிணையாக எடுக்க வங்கி தயங்கும். உறுதி கையில் வந்தாலும் அது எல்லா உறுதிக்கும் சமமான உறுதி ஆகாது.

நானுஓயா வேன் · புதன், இரவு 10.30

எல்லாரும் போரைப் பற்றியே எழுதுகிறீர்கள். பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் குண்டு எதுவும் வெடிக்கவில்லை. டீசல் வரிசையில் மூன்று நாள் வேனுக்குள் தூங்கினேன். அதற்கு முன் 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360 வரை போனது. டொலரில் அறை விற்றவர்களுக்கு ஆள் குறைந்தாலும் ரூபாய்க் கணக்கில் ஓரளவு தாங்கிக்கொள்ள முடிந்தது. தோட்டத்தின் 1,000 ரூபாய் நாட்சம்பளம் 5 டொலரிலிருந்து 3 டொலருக்கும் கீழே இறங்கியது. எனக்கு ரூபாயிலும் ஆள் இல்லை, டொலரிலும் ஆள் இல்லை.

2024 ஒக்டோபரில் அறுகம்பேயைப் பற்றி அமெரிக்கத் தூதரகம் எச்சரித்த அன்று, எல்லயிலிருந்து அங்கே போகவிருந்த இரண்டு ஓட்டம் எனக்குப் போனது. பேரேடு அண்ணன் சொன்ன அந்த ஒரு வரி எச்சரிக்கை ஹோட்டலோடு நிற்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஹோட்டலுக்கு வங்கி தவணை நீட்டிக் கொடுக்கிறது. வேன் லீசிங்காரர் வீட்டுக்கே வந்துவிடுகிறார்.

மூன்றாம் நம்பர் மலை · வியாழன், மாலை 5.15

கணக்கப்பிள்ளை ஐயா சொன்ன குத்தகை நிபந்தனை நல்ல யோசனை. ஆனால் "தோட்டத்தின் வீடமைப்புக்கு" என்று பொதுவாக எழுதினால் அது மீண்டும் ஒப்பீசின் கையில் போய்ச் சேரும். பணம் வந்தது, கூரைத் தகரம் வந்தது, யாருக்குக் கொடுப்பது என்பதைத் தலைவர் தீர்மானித்தார் என்ற கதையை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்த வீதத்தை உறுதிப் பத்திரச் செலவுக்கு ஒதுக்கினால் என்ன? நில அளவைக்கும் பதிவுக்கும் மண் அறிக்கைக்கும் ஆகும் செலவைக் கொடுத்தால், அதற்குப் பிறகு அறை கட்டுவதோ கட்டாமல் இருப்பதோ அந்த வீட்டின் முடிவு. கட்டாமல் மரக்கறி போட்டாலும் சரி.

படம் எடுக்கும் விடயத்தில் நாங்கள் ஒரு சின்னக் காரியம் செய்து பார்த்தோம். பாதையோரத்து நிரையில் நிற்கும் ஆறு பேரும் சேர்ந்து, கூடை மாட்டிப் படம் எடுப்பதற்கு 500 ரூபாய் என்று அட்டையில் மூன்று மொழியில் எழுதினோம். ஆங்கிலத்தை நான் எழுதினேன், சிங்களத்தைக் கங்காணியின் மகன் எழுதினான். அன்று கிலோ குறைந்தவருக்கு அந்தப் பணத்திலிருந்து முதலில் ஈடு கட்டுவது, மிச்சத்தைப் பங்கு போடுவது. மூன்று வாரம் நடந்தது. பிறகு தோட்டக் காணியில் விளம்பரப் பலகை வைக்க அனுமதி இல்லை என்று அட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். இப்போது அந்த அட்டை எங்கள் வீட்டு அடுப்படியில் பானைக்கு மூடியாக இருக்கிறது. விலை மட்டும் எல்லாருக்கும் பாடம். வேன்காரர்களே ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

தெமோதரைத் தம்பியிடம் ஒரு கேள்வி. எங்களுக்குத் தனிவீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்து நான்கு வருடமாகிறது, உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. ஓர் அறையை விருந்தினருக்குக் கொடுக்கப் பதிவு செய்யலாமா? வங்கியில் கேட்டேன், உறுதி இல்லாமல் பேச்சே இல்லை என்றார்கள்.

தெமோதரைப் பாலம் · வியாழன், இரவு 9.00

அக்கா, வங்கிக் கடனையும் பதிவையும் சேர்த்துக் கேட்காதீர்கள். அவை இரண்டு வழி. கடனுக்குப் பிணை கேட்பார்கள், அதற்கு உறுதி இல்லாமல் முடியாது, அந்தக் கதவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பதிவுக்கு, அந்த இடத்தை நடத்த உங்களுக்கு உரிமை உண்டு என்று காட்ட வேண்டும். நான் மேல்மாடியை வாடகை ஒப்பந்தத்தைக் காட்டித்தான் பதிந்தேன். உங்களுக்கு வீடு ஒப்படைத்தபோது ஒரு கடிதம் தந்திருப்பார்கள். அதையும் கிராம சேவகரின் வதிவுச் சான்றையும் எடுத்துக்கொண்டு முதலில் பிரதேச சபைக்குப் போய், எதை ஏற்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னால் அடுத்த முறை வேறொருவர் இருப்பார், வேறொன்று சொல்வார். கடிதத்தில் உங்கள் அம்மாவின் பெயருக்கு முன்னால் என்ன சொல் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாம் நம்பர் மலை · வியாழன், இரவு 9.40

பெட்டியைத் திறந்து பார்த்தேன். "குடியிருப்பாளர்" என்று போட்டிருக்கிறார்கள். "பயனாளி" என்று கீழே ஒரு இடத்தில் வருகிறது. "உரிமையாளர்" என்ற சொல் எங்கும் இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு பிரதேச சபைக்குப் போகிறேன். கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு அன்று பேர் போகும். படக் காசில் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, அதில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்.